உளி தொடக்குவார் யார்?

நம் வீடுகளிலே உள்ள தளபாடங்களின் பெயர்களைச் சற்றே கவனித்துப் பார்த்தால், அவற்றினுள்ளே ஒரு சரித்திரம் அடங்கியிருப்பதைக் காணலாம். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்னும் சொற்கள் யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து நமக்கு வந்தவை. மேசையிலுள்ள இலாச்சியோ ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் அவர்களை அகற்றி அவ்விடத்தைத் தாம் பிடித்தனர். வந்தவர் இருவரும் போயினர். அவர்கள் அமர்ந்த கதிரை மாத்திரம் நம் திண்ணைக்கு வந்து, நம் பாட்டனார் சாய்ந்திருந்து பஞ்சாங்கம் பார்க்கும் ஆசனமாகிவிட்டது.

சொல் காற்றில் வரும். கதிரை அவ்வாறு வாராது. அதனை யாரோ ஒருவர் இங்கே இருந்து செய்திருத்தல் வேண்டும். கட்டிலும் பெட்டகமும் செய்து பழகிய நம் தச்சர், முன் கண்டிராத ஒரு பொருளைக் கண்டு, அதன் கால் எத்துணைச் சாய்வு, முதுகு எத்துணை வளைவு என்று கையாலே தடவி அறிந்து, பலாவிலும் வேம்பிலும் முதிரையிலும் அதனைச் செய்தனர். தாம் அறிந்ததைத் தம் பக்கத்தில் நின்ற சிறுவனுக்குக் காட்டிக் கொடுத்தனர். அச்சிறுவன் வளர்ந்து இன்னொரு சிறுவனுக்குக் காட்டினான். இந்தக் கல்விக்குப் பாடநூல் இல்லை, பரீட்சை இல்லை, பட்டமளிப்பு விழாவும் இல்லை. ஆயினும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது நடந்து வந்தது.

இந்தக் கல்வி முறையைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகின்றேன். ஒரு தொழில் தலைமுறை தலைமுறையாக எப்படி வாழ்கிறது, எந்த இடத்தில் அற்றுப்போகிறது என்பதை விளக்குவதற்கு, நன்கு பதிவு செய்யப்பட்ட ஓர் உதாரணம் இங்கிலாந்திலே உண்டு. முதலில் அதனைப் பார்ப்போம். பின்னர் நம் ஊருக்கு வருவோம்.

இங்கிலாந்தின் ஹெரிபோட்ஷயர் மாகாணத்தில் பொஸ்பரி என்றொரு கிராமம். அங்கே பிலிப் கிளிசெற் என்னும் கதிரைத் தொழிலாளர் வாழ்ந்தார். 1817இல் பிறந்தவர், தொண்ணூற்றைந்து வயதுக்கு மேல் வாழ்ந்து 1913இல் மறைந்தவர். ஆஷ் என்னும் மரத்தை நார் ஓடும் வழியே பிளந்து, காலால் மிதித்து இயக்கும் கடைசற் பொறியில் கடைந்து, கோரைப் புல்லால் இருக்கை பின்னிக் கதிரை செய்வது அவர் தொழில். நம் நாட்டில் கதிரைக்குப் பிரம்பு பின்னுவதுபோல அங்கே கோரை பின்னுவர். அவருடைய பொறியும் மிக எளியது. மேலே வளைந்து கொடுக்கும் ஒரு நீண்ட கழி. கீழே ஒரு மிதிகட்டை. இரண்டையும் இணைக்கும் கயிறு, கடைய வேண்டிய மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிச் செல்லும். மிதித்தால் மரம் முன்னோக்கிச் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து மரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும். முன்னோக்கிச் சுழலும்போது மாத்திரமே உளி வெட்டும்.

1890ஆம் ஆண்டில் இந்த முதியவரிடம் ஒரு புதிய மாணாக்கர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஏர்னஸ்ட் கிம்சன். இயந்திரத் தொழிற்சாலை உடைய செல்வக் குடும்பத்திற் பிறந்தவர், இலண்டனிலே கட்டடக் கலை பயின்றவர், வயது இருபத்தாறுக்குள். இத்தகைய ஒருவர் எழுபது கடந்த ஒரு கிராமத் தொழிலாளரின் பட்டறையிலே சில வாரங்கள் தங்கி, கதிரைக் கால் கடையவும் கோரை பின்னவும் கற்றார். அக்காலத்து இங்கிலாந்திலும் இது வியப்புக்குரிய செயலே.

கிம்சன் பின்னர் கொற்ஸ்வோல்ட் மலைப்பகுதியிற் குடியேறித் தளபாடப் பட்டறை அமைத்தார். கதிரை செய்யும் வேலையை, அயலில் மர ஆலை நடத்தியவரின் மகனாகிய எட்வேட் கார்டினர் என்னும் இளைஞரிடம் ஒப்புவித்தார். கார்டினர் கற்றார், தேர்ந்தார். 1939இல் அவரிடம் நெவில் நீல் என்பவர் பயிலுநராகச் சேர்ந்தார். 1958இல் கார்டினர் இறந்தபின் நீல் அத்தொழிலைத் தொடர்ந்து நடத்தினார். நீலின் மகன் தந்தையிடம் கற்றார். அம்மகனும் முதுமையை நெருங்கியபோது, தமக்குப் பின் யார் என்ற கேள்வி எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு இளைஞர்கள் முன்வந்து அவரிடம் பயின்றனர். இன்று அவர்கள் ஸ்கொத்லாந்தில் பட்டறை வைத்து அதே கதிரையைச் செய்கின்றனர்.

இச்சங்கிலியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கிளிசெற்றிடமிருந்து கிம்சனுக்கு, கிம்சனிடமிருந்து கார்டினருக்கு, கார்டினரிடமிருந்து நீலுக்கு, நீலிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து அவ்விரு இளைஞருக்கு. நூற்று முப்பது ஆண்டுகளாக, ஐந்து முறை இத்தொழில் கைமாறியிருக்கிறது. இவற்றுள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது ஒரே ஒரு முறைதான். மற்றை நான்கு முறையும் வேற்றுக் குடும்பத்தில் வந்த ஒருவரே கையேந்தி வாங்கிக் கொண்டார். குருதி உறவை மாத்திரம் நம்பியிருந்தால் அக்கதிரை கிளிசெற்றுடனேயே மண்ணுக்குட் போயிருத்தல் கூடும். இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி, பட்டறையில் ஒரு பயிலுநன் கற்பது யாது என்று பார்ப்போம்.

புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கதிரை செய்யும் வேலையை எவரும் கொடுப்பதில்லை. பட்டறையைக் கூட்டுதல், பலகைகளை இடையிடையே சட்டம் வைத்துக் காற்றோட்டமாக அடுக்குதல், உளி தீட்டுதல் என்பனவே முதலிற் கிடைக்கும் வேலைகள். பெற்றோர் இதனைக் கண்டு மனம் வருந்துவதுண்டு. உளி தீட்டுவதற்கா பிள்ளையை அனுப்பினோம் என்பர். உண்மையில் அதுவே முதற்பாடம். உளியின் ஒரு புறம் சரிந்தும் மறு புறம் தட்டையாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் ஓரத்திலே கண்ணுக்குத் தெரியும் தடிப்பு எதுவும் இருத்தலாகாது. மழுங்கிய உளி மரத்தை வெட்டாது, நசுக்கும். நசுக்குவதால் அதிக பலம் பிரயோகிக்க நேரும். பலத்தோடு தள்ளும் உளி வழுக்கினால் கையைப் பதம் பார்க்கும். கூரிய உளியே ஆபத்துக் குறைந்தது என்பதைப் பையன் தன் கையாலே அறிந்து கொள்கிறான். சாணைக்கல்லில் உளியை எந்தச் சாய்விற் பிடிப்பது என்று நூலில் எழுதலாம். அச்சாய்வு மாறாமல் நூறு முறை இழுக்கும் மணிக்கட்டை நூல் தர இயலாது.

இரண்டாவது பாடம் மரத்தின் இயல்பு. மரம் வெட்டப்பட்ட பின்னும் ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டிருக்கும். மாரிகாலத்தில் மேசை இலாச்சி இறுகித் திறக்க மறுப்பதையும், கோடையில் அதே இலாச்சி தளர்ந்து வழுக்கிக்கொண்டு வருவதையும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மரம் தன் நார் ஓடும் நீள வாட்டில் ஏறக்குறைய மாறுவதில்லை. அகல வாட்டிலேயே பருக்கின்றது, சுருங்குகின்றது. ஆதலினாலே தேர்ந்த தச்சர் அலுமாரிக் கதவைச் செய்யும்போது, சுற்றுச் சட்டத்தின் உட்புறத்தில் காடி இழுத்து, நடுப்பலகையை அக்காடியினுள்ளே பசையிடாமல் நிறுத்துவர். பலகை தன் விருப்பப்படி அசைந்து கொள்ளும், கதவு கோணாது. இறுக்கிப் பசையிட்டு ஆணியடித்தால் அப்பலகை ஓரிரு கோடையிலே பிளந்துவிடும். கிளிசெற் போன்ற கதிரைத் தொழிலாளர் இதே இயல்பைத் தமக்குத் துணையாகக் கொண்டனர். குறுக்குக் கம்புகளை நன்றாக உலர்த்தி, சற்று ஈரம் உள்ள கால்களிலே பொருத்தினர். கால் உலர உலரத் துளை சுருங்கிக் கம்பை இறுகப் பிடித்துக் கொள்ளும்.

மூன்றாவது பாடம் மூட்டு. ஒரு மரத்தில் துளை; மற்றை மரத்தில் அத்துளைக்குள் இறங்கும் நாக்கு. பார்வைக்கு எளிது. நாக்கு தடித்தால் துளை வெடிக்கும். மெலிந்தால் கதிரை சில மாதங்களில் ஆடும். ஒரு தாளின் தடிப்பளவு மிச்சமே நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிற்கின்றது. பையன் செய்த மூட்டைக் குருவானவர் கையால் அழுத்திப் பார்ப்பார். கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். "தம்பி, இது கள்ளமாய் இருக்கிறது, கழற்று" என்பார். பொருத்திய பின் அம்மூட்டின் உட்புறத்தை யாரும் காணப் போவதில்லை. வாங்குபவர் மினுக்கெண்ணெயின் பளபளப்பை மாத்திரமே பார்ப்பார். யாரும் காணாத இடத்தையும் செம்மையாகச் செய்யும் பழக்கம் பையனுக்கு அங்கே உண்டாகின்றது. கல்லூரி வகுப்பறையிலே ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிற என்போன்றவர்கள் இந்தப் பாடத்தை இத்துணைத் திட்டவட்டமாகக் கற்பிப்பதில்லை. விடைத்தாளில் எழுதிய பிழை மாணவனுக்குச் சில புள்ளிகளைக் குறைக்கும். மூட்டில் விட்ட பிழை ஒரு கிழவரைக் கதிரையோடு கீழே விழுத்தும்.

இக்கல்வி முறையின் அருமையை உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் நம்மவர் ஒருவர் முதன்மையானவர். 1877இல் கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி, கிம்சன் வாழ்ந்த அதே கொற்ஸ்வோல்ட் பகுதியில், புரோட் கம்டன் என்னும் சிற்றூரில் சில காலம் வசித்தார். இலங்கைக் கைவினைஞரை நேரிற் கண்டு ஆராய்ந்து அவர் எழுதிய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் 1908இல் அவருடைய சொந்த மேற்பார்வையில் அங்கேயே அச்சாயிற்று. 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. அடுத்த ஆண்டில் வெளிவந்த 'இந்தியக் கைவினைஞன்' என்னும் நூலில் அவர் வற்புறுத்துவது இது: பட்டறையிலே பயில்பவன் உண்மையான பொருளோடும் உண்மையான சிக்கலோடும் முதல் நாளிலிருந்தே பழகுகின்றான், குருவுக்குப் பணிசெய்து கற்கின்றான், எந்தத் தொழிற்பாடசாலையும் அந்தச் சூழலின் இழப்பை ஈடுசெய்யாது.

கலாயோகியின் இக்கருத்து எனக்கு முழுவதும் உடன்பாடானது. ஆயினும் தொழில் தந்தை வழியே மகனுக்கு வருவதை அவர் போற்றிய இடத்தில் மாத்திரம், இன்றைய நிலையிலே நின்று மாறுபட வேண்டியவனாகின்றேன். அந்த ஏற்பாடு நம் நாட்டிலே இரண்டு பக்கமும் வேலியாக முடிந்தது. தச்சுத்தொழில் ஒரு குலத்தாருக்கு உரியது என்று ஒதுக்கப்பட்டமையால் பிறர் பிள்ளைகள் அப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்குலத்தாருக்கோ சமூகம் உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை. கோவிற் தேரையும் வாகனத்தையும் செய்த கைகளுக்கு, அத்தேர் ஓடும் வீதியிலே சம மரியாதை கிடைக்காத காலம் இருந்தது. அந்தத் தந்தையர் தம் மக்களையாவது இந்த அவமதிப்பிலிருந்து கரையேற்ற எண்ணி, கல்லூரிக்கும் கந்தோருக்கும் அனுப்பினர். அவர்கள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. விளைவு என்னவெனில், உள்ளே இருந்தவர் வெளியே போயினர். வெளியே இருந்தவர் உள்ளே வரவில்லை. போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் எஞ்சியிருந்த பட்டறைகளையும் கலைத்தன. இன்று நல்ல மூட்டு இறக்கத் தெரிந்த முதியவர்கள் ஊருக்கு ஒருவர் இருவராகக் குறைந்து வருகின்றனர்.

முன்பு சொன்ன ஆங்கிலக் கதிரையின் வரலாறு இங்கேதான் நமக்கு உதவுகின்றது. ஒரு தொழில் பிழைப்பதற்கு, கற்றவர் தம் குடும்பத்துக்கு அப்பால் உள்ளவனையும் மாணாக்கனாக ஏற்றல் வேண்டும்; மற்றைக் குடும்பத்தார் தம் பிள்ளையை அவரிடம் அனுப்பக் கூசாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தமையால் அக்கதிரை இன்றும் உளது.

நம் பழைய இலக்கியத்திலே இதற்கு மாறான மனப்பான்மை இல்லை என்பதையும் இளைஞர்கள் அறிதல் நன்று. புறநானூற்றின் 206ஆம் பாட்டில், அதியமான் பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயிற்காவலனை நோக்கிப் பேசுகின்றார். கைத்திறன் உடைய தச்சச் சிறுவர் கோடரியோடு காட்டுக்குச் சென்றால் அவர்களுக்கு மரம் கிடையாமற் போகுமா, அதுபோலவே தமக்கும் எத்திசை சென்றாலும் உணவு உண்டு என்பது அவர் கருத்து. பெரும்புலவர் ஒருவர் தம் கல்விக்கு உவமையாக எடுத்தது தச்சனின் பிள்ளைகள் பெற்ற கல்வியை. அப்பாட்டைப் பரீட்சைக்காக மனனம் செய்கின்ற மாணவரும், பொருள் சொல்லும் ஆசிரியரும் அவ்வுவமையைச் சற்றே நின்று நினைத்தல் தகும்.

பழைய பயிலுநர் முறையைக் குறையில்லாதது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அக்கட்டாயம் 1814இலே நீக்கப்பட்டது. நீண்ட காலம் கூலியின்றி உழைப்பைப் பெறுவதற்குப் பயிலுநர் என்ற பெயரைப் பயன்படுத்திய முதலாளிமார் எல்லா நாட்டிலும் இருந்தனர். நம்மூரிலும் தேநீர் வாங்கவும் மரம் சுமக்கவும் ஆண்டுக்கணக்காகப் பழகிவிட்டு, உளி பிடிக்காமலே திரும்பிய பையன்கள் உண்டு. ஆதலின் பிள்ளையைப் பட்டறையிற் சேர்க்கும் தந்தையார், முதலிலேயே சிலவற்றைத் தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும். முதலாண்டில் எதைக் கற்பான், அடுத்த ஆண்டில் எதைக் கற்பான்? செலவுக்கு என்ன கிடைக்கும்? எந்த இயந்திரத்தில், எவருடைய கண்காணிப்பில் வேலை செய்வான்? முடிவிலே சான்றிதழ் பெற வழி உண்டா? நல்ல குரு இவற்றுக்கு விடை கூறத் தயங்கமாட்டார்.

சான்றிதழுக்கு நம் நாட்டில் வழி இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தொடங்கிய பயிலுநர் சபை, பின்னர் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையாக உருப்பெற்றது. அதன்வழி ஒரு பட்டறையிலேயே இருந்து பயின்று தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழைப் பெறலாம். அத்தகைமை ஏழு மட்டங்களை உடையது. ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமம். படிப்பின்றித் தொழிலை மாத்திரம் கற்ற மூத்தவர்களும் தம் அனுபவத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்திச் சான்றிதழ் பெற இடமுண்டு. உளி பிடித்தால் ஏட்டுக் கல்வியின் கதவு மூடிவிடும் என்ற அச்சம் இன்று பொருந்தாது.

"பிளாத்திக்குக் கதிரை மலிவாக வரும்போது, தொழிற்சாலை மேசை கடைதோறும் நிற்கும்போது, கைத்தச்சுக்கு யார் வருவார்?" என்று கேட்பவரும் உளர். நியாயமான கேள்வியே. கையால் மாத்திரம் செய்து எல்லா வீட்டையும் நிரப்ப இயலாது. பயிலுநன் இயந்திர வாளையும் இயந்திரச் சீவுளியையும் பழகத்தான் வேண்டும். ஆனால் இயந்திரத்திடம் மரத்தைக் கொடுக்குமுன் நாரோட்டம் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது மனிதனுடைய கண்ணேயாம். பாட்டனார் காலத்து முதிரை அலுமாரியைப் பழுது பார்ப்பதற்கும், வாகனத்தின் முறிந்த காலுக்குப் புதுக்கால் பொருத்துவதற்கும் கடையிலே ஆள் கிடையாது. நல்ல தச்சரைத் தேடி மாதக்கணக்கில் காத்திருக்கும் வீட்டுக்காரரைக் கேட்டால் இத்தொழிலுக்குத் தேவை உண்டோ இல்லையோ என்பது விளங்கும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சையிலே பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றவர்களுள்ளும் பெரும்பகுதியினர்க்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. அப்பிள்ளைகள் தம்மைத் தோற்றவர்களாக எண்ணி முடங்குவதை ஆசிரியர்கள் நாம் காண்கின்றோம். அவர்களுள் கையாலே சிந்திக்கும் திறம் உடையவர் பலர். வீட்டிலே கதவுப் பூட்டைக் கழற்றிப் பார்க்கும் பையனும், உடைந்த வாங்கைத் தானே சேர்த்துக் கட்டும் பெண்ணும் அவர்களே. ஆம், பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கின்றேன். கூரிய உளிக்குப் பெரும் புயபலம் வேண்டியதில்லை என்பதை மேலே கண்டோம்.

தொழிலறிந்த முதியவர்க்கும் ஒரு விண்ணப்பம். ஐயா, உங்கள் பிள்ளைகள் கனடாவிலும் கொழும்பிலும் நன்றாய் இருக்கட்டும். அயல் வீட்டுப் பையன் ஒருவன் உங்கள் பட்டறை வாசலிலே வந்து நின்றால், எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்குமுன் அவன் கையிலே ஓர் உளியைக் கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள். கிளிசெற் என்ற முதியவர் அவ்வாறு ஒருவரை ஏற்றபோது அவருக்கு வயது எழுபத்திரண்டு அல்லது எழுபத்துமூன்று.

விசயதசமி நாளிலே நாம் குழந்தைகளுக்கு ஏடு தொடக்குகின்றோம். அரிசியில் அகரம் எழுதுவிக்க ஐயரும் ஆசிரியரும் ஆயத்தமாய் இருக்கின்றனர். அதற்கு முதல்நாள் ஆயுத பூசையிலே உளியையும் வாளையும் கழுவிப் பூவைத்து வணங்குகின்றோம். வணங்கிய உளியை எடுத்து ஒரு பிள்ளையின் கையிலே கொடுப்பதற்கும் நம் குடும்பங்கள் மனம் கொள்ளுமாயின், இன்னும் ஒரு தலைமுறைக்கு நம் மண்ணிலே நல்ல கதிரை செய்வார் இருப்பர்.